வேஷம் கட்டியவர் வேறு ஆளா?

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மாமா பல வருஷமாகக் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறார். மற்ற நாளில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வேஷம் கட்டிவிட்டால் நடை, குரல், பார்வை எல்லாமே வேறு. பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நாலைந்து நாள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இது நடிப்பா, சாமியா, இல்லை அந்த உடுப்புக்கே அப்படி ஒரு சக்தி உண்டா? கூத்து, நாடகம் ஆடுகிறவர்களுக்கும் இப்படி ஆகுமா?"

ஆகும் தம்பி. நான் செய்யாறு பக்கம். பதினாலு வருஷம் கூத்தில் கட்டை வேஷம் கட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு இப்போது ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, கிரீடமும் புஜகீர்த்தி என்கிற தோள் அணியும் செதுக்கிக் கொடுக்கிறேன். எனக்கு ஆகியிருக்கிறது, என் கண் முன்னால் மற்றவர்களுக்கும் ஆகியிருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று துணிக்குள் ஒளிந்திருந்து ஆளைப் பிடித்துக்கொள்கிறது என்று நான் நினைக்கவில்லை. வேஷம் முதலில் உடம்பைப் பிடிக்கிறது. அப்புறம் எதிரில் நிற்கிற ஜனத்தைப் பிடிக்கிறது. மனசு கடைசியாகத்தான் மாறுகிறது. கலைக்கும்போதும் கடைசியாக இறங்குவது அதுதான். உங்கள் மாமாவின் அந்த நாலைந்து நாள் மௌனத்துக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கக் கூத்தில் துரியோதனன், கர்ணன், இரணியன் போன்ற ராஜ வேஷங்களைக் கட்டை வேஷம் என்போம். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் மரக்கட்டையில் செதுக்கியவை. கல்யாண முருங்கை எடை குறைந்த மரம், உளிக்கும் இணங்கி வரும். அதில் செதுக்கி, மேலே கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும் ஒட்டுவோம். எடை குறைந்த மரம்தான். ஆனால் தலை, தோள், மார்பு எல்லாவற்றிலும் கயிறு போட்டு இறுக்கி, இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி கட்டிப் பாவாடையை விரித்து, காலில் சலங்கை ஏற்றிய பிறகு எழுந்து நின்று பாருங்கள். உங்கள் சொந்த நடையை உங்களால் நடக்க முடியாது.

கழுத்தைச் சட்டென்று திருப்பினால் கிரீடம் ஆடும். அதனால் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். அந்தத் திரும்புதலைத்தான் கூட்டம் ராஜ பார்வை என்று சொல்கிறது. புஜகீர்த்தி கையை உடம்போடு ஒட்டவிடாது. பாவாடை காலைச் சேர்க்கவிடாது. இடுப்புக்கட்டு வயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால் அடிவயிற்றிலிருந்து தள்ளினால்தான் பாட்டு வெளியே வரும். அப்படி வருகிற குரல் வீட்டில் பேசுகிற குரலாக இருக்காது. எங்கள் வாத்தியார் எனக்கு அடவு சொல்லிக் கொடுத்தார், பாட்டு சொல்லிக் கொடுத்தார். துரியோதனன் எப்படி நடப்பான் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவே இல்லை. கேட்டால் "கட்டை ஏறட்டும், அது சொல்லிக் கொடுக்கும்" என்பார். முதல் தடவை ஏறிய அன்றே புரிந்துவிட்டது.

காலை அகட்டி, தோளை விரித்து, தலையை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து குரல் எடுத்து ஒரு மணி நேரம் நின்றால் மனசு பணிவாக இருக்க மறுக்கிறது. ஒரு ஆளுக்குக் கோபம் வந்தால் உடம்பு எப்படி நிற்குமோ அப்படி நிற்க வைத்துவிடுகிறார்கள். கோபம் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்துவிடுகிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஜமாவில் பெண் வேஷம் கட்டுகிற ஒரு அண்ணன், பகலில் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். புடவையைச் சுற்றி முந்தானையை இழுத்துச் சொருகியதும் அவருடைய காலடி பாதியாகக் குறுகிவிடும். கொட்டகைக்குள் தண்ணீர் கேட்கும் குரல்கூட மெலிந்துதான் வரும். பெண் பிள்ளைகள் கட்டை கட்டும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். காஞ்சிபுரத்துப் பக்கம் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். கூத்தில் அதுவரை ஆண்கள் மட்டுமே கட்டி வந்த ராஜ வேஷத்தில் ஒரு பெண் பிள்ளை காலை அகட்டி நின்று சபையைப் பார்த்து, "நான் யார் தெரியுமா?" என்று கேட்பது சாதாரண விஷயமில்லை. தெருவில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட உடம்பு அது.

முகத்துக்கு வருவோம். கூத்தில் ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். தரையில் சம்மணம் போட்டு, கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, முத்துவெள்ளை, சிவப்பு, மை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவோம். அரிதாரம் என்று இன்று பொதுவாகச் சொல்கிறோமே, அது உண்மையில் ஆர்செனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். அதைக் குழைத்துப் பூசிப் பூசித்தான் 'அரிதாரம் பூசுவது' என்றாலே நடிப்பது என்று ஆகிவிட்டது. நஞ்சைப் பூசிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள் நம் முன்னோர். அந்த இரண்டு மணி நேரத்தில் கொட்டகையில் பேச்சு மெல்லக் குறையும். கண்ணாடியில் தெரிகிற முகத்தில் நீங்கள் குறைந்துகொண்டே வருவீர்கள். கடைசியாகக் கிரீடத்தை வைத்துவிட்டுப் பார்க்கும்போது கண்ணாடியில் இருக்கிற ஆள் உங்களைப் பார்ப்பான். எத்தனை வருஷம் ஆடினாலும் அந்த ஒரு நொடி பழகவில்லை எனக்கு.

இந்தக் கண்ணாடி விஷயம் நம்மோடு முடியவில்லை. வட கேரளத்தில், கண்ணூர், காசர்கோடு பக்கம் தெய்யம் என்கிற சாமியாட்டம் ஆடுகிறவருக்கு முகம் எழுதி, தலையில் முடி என்கிற கிரீடத்தை ஏற்றிய பிறகு கையில் ஒரு கண்ணாடியைக் கொடுப்பார்கள். அதில் அவர் பார்ப்பது தன் முகத்தை அல்ல, தெய்வத்தின் முகத்தை என்பது நம்பிக்கை. அந்த நொடியிலிருந்து அவர் அந்தத் தெய்வம். ஜப்பானில் நோ நாடகத்தில் மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை என்றே தனியாக ஒன்று உண்டு. நடிகர் அங்கே உட்கார்ந்து முகமூடியை அணிந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மேடைக்குப் போவார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் ஒரு கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பார்வையில் ஏதோ நடக்கிறது என்பது ஆடுகிறவர்களுக்குக் காலகாலமாகத் தெரியும்.

சரி, உடம்பு மாறியது, முகம் மாறியது. இவ்வளவும் கொட்டகைக்குள் நடப்பது. வெளியே வரும்போதுதான் பெரிய மாற்றம்.

பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பனைமரத்தைத் தபசு மரமாக நட்டு, படி வைத்து, உச்சியில் உட்காரப் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் விரதம் இருந்து, ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு மேலே ஏறுவார். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் ஈரத் துணியோடு தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேலிருந்து அவர் வீசுகிற எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் மடியில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. நான் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். அதே ஊரில் அதற்கு முந்தின மாதம் கரும்பு வெட்டப் போனபோது என்னை "டேய்" என்று கூப்பிட்ட வீட்டுப் பெண்மணி, அன்றைக்குக் கீழே மடியை ஏந்திக்கொண்டு நின்றார். அவர் கண்ணைப் பார்த்த பிறகு, 'நான் வேஷம்தானே போட்டிருக்கிறேன்' என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த எலுமிச்சம்பழத்தை ஒரு அர்ச்சுனன் எப்படி வீசுவானோ அப்படித்தான் வீச முடிந்தது. உள்ளே சாமி வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே இருந்தவர்கள் என்னை அப்படிப் பார்த்தார்கள், நான் அப்படி ஆனேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் இதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. எயினர் என்கிற வேடர்கள் தங்கள் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலம் செய்கிறார்கள். சிறு பாம்பு போன்ற நாணால் கூந்தலைச் சுற்றி முடியாகக் கட்டுகிறார்கள். பன்றியின் வளைந்த கொம்பைப் பிறைநிலவாகச் சாத்துகிறார்கள். புலிப்பல்லைக் கோத்துத் தாலியாகப் பூட்டி, புள்ளியும் வரியும் உள்ள தோலை உடுத்தி, கையில் வில் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றுகிறார்கள். இளங்கோ ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். அந்தப் பெண் தானாக எதையும் அணிந்துகொள்ளவில்லை. கட்டி விடுவதும் ஏற்றி வைப்பதும் அவளுடைய சனம். கடைசியில் அவளைக் கும்பிடுவதும் அதே சனம்தான்.

பார்க்கிறவர்களை வேஷம் எவ்வளவு தூரம் உலுக்கும் என்பதற்கு நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகம் எழுதிச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகப் பேர் எடுப்பதற்கு முன் எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்கள் கட்டி நடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோற்றத்தைக் கண்டு மிரண்டுபோன ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கேடு நேர்ந்தது என்றும், அதிலிருந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அவர் விட்டதுதான். 'பயந்தது அவர்கள், நான் என்ன செய்வேன்' என்று அவர் சொல்லவில்லை.

வேஷம் பெயரையே எடுத்துக்கொண்டதும் உண்டு. டி.கே.சண்முகம் கிழவியாக வேஷம் கட்டி நடித்து ஔவை சண்முகம் ஆனார். வி.சி.கணேசன் மேடையில் மராட்டிய மன்னராக நின்றதைப் பார்த்துப் பெரியார் அழைத்த பெயரோடு சிவாஜி கணேசன் ஆனார். வீட்டில் வைத்த பெயருக்கு முன்னால் வேஷத்தின் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது உங்கள் குலசைக்கு வருகிறேன். மூன்று தடவை வந்து பார்த்திருக்கிறேன். கூத்து ஆடுகிறவன் கண்ணால் பார்த்ததால் எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. எங்களுக்குச் சபை உண்டு, திரை உண்டு, விடிந்தால் முடிந்தது. முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு மேடை கிடையாது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இருபத்தொன்று என்று நேர்ந்துகொண்டபடி விரதம் இருந்து, கொடியேறிய பிறகு காப்புக் கட்டி, வேஷத்தோடு தெருத்தெருவாக, கடைகடையாகப் போய்க் காணிக்கை வாங்குகிறார்கள். அது கடைசியில் அம்மனின் உண்டியலுக்குப் போகிறது. ராஜா, ராணி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ் என்று எத்தனையோ வேஷம். எல்லாவற்றிலும் காளிக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். குடிலிலேயே தங்கி, தனக்குத் தானே பொங்கி, ஒரு வேளை சாப்பிட்டு விரதம் காக்கிறவர்களைப் பார்த்தேன்.

ஆக, மாமா வேஷம் கட்டுகிற அன்று மாறவில்லை தம்பி. ஒன்றரை மாதமாக மாறிக்கொண்டிருக்கிறார். சாப்பாடு குறைந்து, தூக்கம் மாறி, வீட்டிலிருந்து விலகி, ஒரே நினைப்பில் இருந்தவர் மேல்தான் அந்தச் சடைமுடியும் கோரைப்பல்லும் ஏறுகின்றன. பல் கட்டினால் வாய் மூடாது, வழக்கமான பேச்சு வராது. பின்னால் தொங்குகிற முடியின் பாரம் தலையைப் பின்னால் இழுக்கும். மேளம் நிற்காமல் அடிக்கிறது. வழியில் போகிற ஜனம் காலில் விழுகிறது, குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறது. நான் மேலே சொன்ன அத்தனையும் பத்து நாளைக்கு இடைவெளி இல்லாமல் ஒரே ஆள்மேல் நடக்கிறது. இதை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடிப்பில் நான் எனக்கென்று ஒரு ஓரத்தை மிச்சம் வைத்திருப்பேன். அடுத்த பாட்டு என்ன, பின்பாட்டுக்காரர் சுருதியில் இருக்கிறாரா, இடப்பக்கத்து விளக்கு அணைகிறதே என்று அந்த ஓரம் பார்த்துக்கொண்டே இருக்கும். நேர்ந்துகொண்டு கட்டுகிறவர் அந்த ஓரத்தையும் சேர்த்துத்தான் அம்மனுக்குக் கொடுக்கிறார்.

குலசையில் என்னை அதிகம் அசைத்தது காளி இல்லை, பிச்சைக்காரர் வேஷம். கையில் மோதிரத் தழும்பு தெரிய, நல்ல வசதியான ஒருவர் கந்தலைக் கட்டி, கரியைப் பூசிக்கொண்டு ஒரு பரோட்டாக் கடை வாசலில் தட்டை ஏந்தி நின்றார். கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "அங்கிட்டுப் போ" என்றார். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போனார். பத்து நாள் இப்படி நின்றவர் பதினோராம் நாள் தன் கடையில் உட்கார்ந்தால் வாசலில் வந்து நிற்கிறவரை எப்படிப் பார்ப்பார் என்று எனக்கு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. ராஜ வேஷம் இல்லாததைக் கொடுக்கிறது, கந்தல் இருப்பதைக் கழற்றி வைக்கிறது. கட்டுவதற்குக் கந்தல்தான் கடினம்.

ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் உண்டு. 2012-ல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வெள்ளை அங்கியைச் சிலரிடம் டாக்டர் கோட் என்றும், சிலரிடம் ஓவியர் கோட் என்றும் சொல்லிப் போடச் சொன்னார்கள். டாக்டர் கோட் என்று நம்பிப் போட்டவர்கள் கவனம் தேவைப்படுகிற வேலையை நன்றாகச் செய்தார்கள். அதே கோட்டை எதிரில் மாட்டி வைத்துப் பார்க்க மட்டும் செய்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. உடம்பில் ஏற வேண்டும், அதற்கு ஒரு அர்த்தமும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்றார்கள். 2019-ல் வேறு சிலர் அந்தச் சோதனைகளில் ஒன்றை அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. அதனால் 'கோட் போட்டால் மூளை கூர்மையாகும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். எனக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. ஐந்து நிமிஷம் போட்டுக் கழற்றுகிற கோட்டுக்கும், நாற்பத்தெட்டு நாள் காத்திருந்து ஏற்றுகிற முடிக்கும் உள்ள தூரத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கொண்டுவருவது?

நான் அதிகம் மதிக்கிற சோதனை 1979-ல் ராபர்ட் ஜான்சன், லெஸ்லி டௌனிங் என்பவர்கள் செய்தது. சிலருக்கு அமெரிக்காவின் நிறவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் போடுவது போன்ற அங்கி, சிலருக்கு நர்ஸ் உடுப்பு. எதிர்ப்பக்கம் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்சார அதிர்ச்சியைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று பொத்தானைக் கொடுத்தார்கள். அதிர்ச்சி உண்மையில் போகாது, ஆனால் அழுத்துகிறவருக்கு அது தெரியாது. கும்பல் அங்கி போட்டவர்கள் கூட்டுகிற பக்கம் சாய்ந்தார்கள், நர்ஸ் உடுப்புப் போட்டவர்கள் குறைத்தார்கள். யார் என்று அடையாளம் தெரியாதபடி செய்தபோது நர்ஸ் உடுப்புக்காரர்கள் இன்னும் குறைத்தார்கள். முகம் மறைந்தால் மனுஷன் கெட்டுவிடுவான் என்று பொதுவாகச் சொல்வோமே, அது பாதிதான். முகம் மறைந்தால், போட்டிருக்கிற உடுப்பு என்ன சொல்கிறதோ அதன் பக்கம் போகிறான்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. 2017-ல் வந்த ஆய்வு, நாலு வயதும் ஆறு வயதும் ஆன 180 பிள்ளைகள். சலிப்பான வேலை ஒன்றைப் பத்து நிமிஷம் செய்ய வேண்டும், பக்கத்திலேயே விளையாட ஐபேட் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு பேட்மேன் போன்ற பாத்திரங்களின் உடுப்பைக் கொடுத்து, "பேட்மேன் நன்றாக வேலை செய்கிறாரா?" என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். பள்ளி மாறுவேடப் போட்டியில் பாரதி மீசை வைத்த பையன், மேடையிலிருந்து இறங்கிய பிறகும் சாயங்காலம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பாஞ்சாலி துகில் ஆடுகிற இரவில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் பாஞ்சாலியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் சபையில் சிலருக்கு மருள் வரும், ஆடுகிறவர்களுக்கே வருவதும் உண்டு. நான் துச்சாதனன் கட்டிய மூன்றாவது வருஷம், கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனாலும் கூந்தலைப் பிடித்து இழுத்தபோது சவுரியோடு சேர்த்து, பாஞ்சாலி கட்டிய அந்தப் பெண் வேஷக்கார அண்ணனின் சொந்த முடியையும் பிடித்திருக்கிறேன். சபை கத்துகிறது, மிருதங்கம் ஏறுகிறது, என் கை இறுகுகிறது. அவர் பாட்டுக்குள்ளேயே இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. விடிந்த பிறகு அவர் தலையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தேன்.

"வேஷம் அப்படிப் பண்ணிவிட்டது" என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர், "கட்டைக்குக் கோபம் ஏது? நீ எங்கிருந்தோ கொண்டுவந்தாய், அது வெளியே விட்டது" என்றார். அந்த மாதம் எனக்கும் என் பங்காளிக்கும் வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. அந்த அண்ணனிடம் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு துச்சாதனன் கட்டுகிற நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சாயங்காலம் யாருடைய முடியைப் பிடிக்கப்போகிறேனோ அவரை மனுஷராகப் பார்த்துவிட்டுக் கட்டை ஏற வேண்டும் என்று எனக்குப் பட்டது. இதனால்தான், சாமி வேஷத்தில் இருந்தேன், போதையில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர்மேல் கை வைக்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற வழக்கத்தை வைத்த பெரியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. குலசைக்கு இரும்பு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் சொல்வதற்கும் காரணம் இதேதான்.

கட்டுவதற்கு இவ்வளவு முறை வைத்திருக்கிறோம், கலைப்பதற்கு அவ்வளவு இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம் இது. விடியற்காலை கர்ண மோட்சம் முடிகிறது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். இரவெல்லாம் செத்துக்கொண்டிருந்த கர்ணன் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் அவசரம். தேங்காய் எண்ணெயைத் தடவி, கிழிசல் துணியால் துடைத்து, கட்டையைப் பெட்டியில் போட்டு, கூலியை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நெற்றியில் கிரீடம் அழுந்திய கோடு இருக்கும். காதோரத்தில் முத்துவெள்ளை ஒட்டியிருக்கும். கண்டக்டர் சில்லறை கேட்பார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஊரே அழுதது யாருக்காக என்று அந்த பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. தெய்யத்தில் இந்த வலி இன்னும் கூர்மை. மலையன், வண்ணான், வேலன் என்று கீழே வைக்கப்பட்ட சமூகத்து மனுஷர் முடி ஏற்றி நிற்கும்போது ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் கைகட்டி வாக்குக் கேட்கிறார்கள். பொட்டன் தெய்யம் சாதியை நேருக்கு நேராகக் கேள்வி கேட்கிறது. முடி இறங்கினால் அவர் மறுபடி பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். ஏறிய படிகளை எல்லாம் ஒரே நொடியில் இறங்கச் சொன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

உங்கள் மாமாவின் மௌனத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் காப்பை அவிழ்த்ததும் விரதம் முடிந்தது என்று கணக்கு. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒன்றரை மாதம் ஏறியது ஒரே நாளில் இறங்காது. பத்து நாளாகக் காலில் விழுந்த ஜனம் போய்விட்டது, மேளம் நின்றுவிட்டது, லோடு ஆட்டோவின் சாவி ஆணியில் தொங்குகிறது. அந்த நாலைந்து நாள் அவரைக் கேள்வி கேட்காதீர்கள். மறுநாளே வண்டி எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். கஞ்சி, மோர், இளநீர் என்று லேசாகக் கொடுத்து வயிற்றைப் பழக்குங்கள், நன்றாகத் தூங்க விடுங்கள். எடை குறைந்து தலைச்சுற்றல் இருந்தால், கழுத்து வலி விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மனுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. முகத்துக்குப் பூசும் சாயம் என்ன என்று பார்த்து வாங்குங்கள், அதற்கு அடியில் தேங்காய் எண்ணெய் தடவாமல் பூச விடாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் அவர் திரும்பி வராமல் இருந்தால், தூக்கம் இல்லாமல் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், அதை வேஷத்தின் கணக்கில் எழுதாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்கள் அம்மா செய்தது. கூத்து முடிந்து காலையில் நான் வந்தால் அம்மா என்னை நேராக வீட்டுக்குள் விடமாட்டாள். வாசலில் உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி, காதோர வெள்ளையை ஈரத் துணியால் தானே துடைத்துவிடுவாள். துடைத்துக்கொண்டே சின்ன வயசில் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, மாட்டுக்குத் தவிடு தீர்ந்துபோனது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்புறம்தான் பழைய சோறு. இந்த வருஷம் காப்பு அவிழ்த்துவிட்டு மாமா வரும்போது வாசலில் யார் நிற்பது என்று உங்கள் வீட்டில் இப்போதே பேசி வையுங்கள் தம்பி.